கொட்டை என்பது விதையா, ஓடா? தாவரவியல் பாடநூல் ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலைப் பள்ளித் தாவரவியல் நூல்களைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கும், அவற்றைச் சரிபார்க்கிறவர்களுக்கும், கலைச்சொல் பட்டியல்களைத் தொகுக்கிறவர்களுக்கும் வணக்கம்.

தமிழ்வழி வகுப்புகளில் 26 ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கனிகளின் வகைப்பாடு என்னும் பாடம் ஆண்டுதோறும் வரும். ஆண்டுதோறும் அதே இரண்டு இடங்களில் வகுப்பு இடறி நிற்கும். ஓரிடத்தில் இருப்பது பாடநூலே கொண்டுவந்து போட்ட கல். மற்றோரிடத்தில் கல் கிடப்பதைப் பாடநூல் பார்க்கவே இல்லை. முன்னதை எடுத்துவிட வேண்டும் என்பதும், பின்னதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்பதுமே என் வேண்டுகோள்.

முதல் கல், பெர்ரி. "பின்வருவனவற்றுள் உண்மையான பெர்ரி அல்லாதது எது?" என்று கேட்டுவிட்டு, வாழை, தக்காளி, திராட்சை, ஸ்ட்ராபெரி என்று நான்கு விடைகளை அடுக்கும் வினாவை நீங்கள் அறிவீர்கள். மாணவர்களும் அறிவார்கள், விடை ஸ்ட்ராபெரி என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பின்வரிசை மாணவி ஒருத்தி ஒருமுறை எழுந்து, "வாழைப்பழத்தை யாரு டீச்சர் பெர்ரி இல்லேன்னு சொன்னா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவள் கேட்டது முற்றிலும் நியாயமானது. வாழைப்பழம் பெர்ரிதான் என்ற செய்தி, அது பெர்ரி அன்று என்று அதுவரை நம்பியிருந்தவருக்குத்தான் வியப்பாக இருக்க முடியும். தமிழ் பேசும் பிள்ளை அப்படி எதையும் நம்பியிருக்கவில்லை. அவளுடைய மொழியில் பெர்ரி என்ற வகையே கிடையாது. ஐஸ்கிரீம் உறையிலும் மருந்துக்கடை இருமல் மருந்திலும் படித்த ஒரு சொல், அவ்வளவுதான். இல்லாத ஒரு தவறான எண்ணத்தை முதலில் ஊட்டி, பிறகு அதைத் திருத்திக் காட்டுவது பாடம் ஆகாது.

இந்தப் புதிர் எப்படிப் பிறந்தது என்பதைச் சொன்னால் அது யாருடைய புதிர் என்பதும் விளங்கும். பெர்ரி என்பது ஆங்கிலத்தின் மிகப் பழைய நாட்டுச் சொற்களுள் ஒன்று. கையால் பறித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும் சிறிய, சாறுள்ள எதையும் அது குறித்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் திராட்சைக்கே ‘ஒயின் பெர்ரி’ என்று பொருள்படும் பெயர்தான் இருந்தது. ஸ்ட்ராபெரியின் பெயரும் அதே அளவு பழையது. தாவரவியலோ லத்தீனில் வளர்ந்த துறை. 1751 இல் வெளியான ‘பிலாசபியா பொட்டானிக்கா’ நூலில் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் கனி வகைகளை வரையறுத்தபோது, வெடித்துத் திறக்காத, உள்ளே சதை நிறைந்த உறைக்குள் விதைகள் வேறு மூடலின்றிக் கிடந்தால் அதைப் ‘பாக்கா’ என்றார். அதே உறைக்குள் ஓடுடைய கொட்டை ஒன்று இருந்தால் அதற்கு ‘ட்ரூப்பா’ (ஆங்கிலத்தில் ‘ட்ரூப்’) என்று பெயரிட்டார். கனிந்து முதிர்ந்த ஆலிவ் பழத்திற்கான பழைய சொல் அது. பிற்காலத்தில் பாக்காவை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வந்தபோது, அருகில் கிடந்த பெர்ரியை எடுத்துப் பொருத்தினார்கள். தெருவில் ஒரு பொருளும் ஆய்வுக்கூடத்தில் வேறொரு பொருளுமாக ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

ஆகவே ஸ்ட்ராபெரி பெர்ரி அன்று என்பதும் வாழை பெர்ரி என்பதும் செடிகளைப் பற்றிய வியப்புகள் அல்ல. ஒரு மொழிபெயர்ப்பின் பக்கவிளைவுகள். ஸ்ட்ராபெரியை ‘மண்பெர்ரி’ என்ற பொருளில் அழைக்கும் ஜெர்மானியருக்கும் இதே தொல்லை உண்டு. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது பெரும்பாலும் இல்லை. லத்தீன் பாக்காவிலிருந்து வந்த ‘பே’ என்ற சொல்லை அவர்கள் வகைப்பெயராக வைத்திருக்கிறார்கள்; ஸ்ட்ராபெரிக்கு அவர்கள் சொல்லும் ‘ஃப்ரேஸ்’ என்பதில் அந்த வகைப்பெயரின் சாயலே கிடையாது. தமிழும் இந்த வரிசையில் பிரெஞ்சின் பக்கம் நிற்க வேண்டிய மொழி. நாமே வலியப் போய் ஆங்கிலத்தின் வீட்டுச் சண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதற்காக அந்த வகையையே விட்டுவிடச் சொல்கிறேன் என்று கருத வேண்டாம். லின்னேயஸ் கண்ட வேறுபாடு உண்மையானது, அழகானது, ஒரு சமையலறைக் கத்தியைக் கொண்டே காட்டத்தக்கது. ஒரு மலரின் ஒற்றைச் சூற்பையிலிருந்து (விதைகள் உருவாகும் பை அது) உருவாகி, கனியுறையின் உட்பக்கம் வரை சதையாகவே இருந்து, விதையைச் சுற்றி ஓடு எதுவும் இல்லாமல் முடியும் கனியே பெர்ரி. தக்காளியைக் குறுக்காக வெட்டினால் மெல்லிய தோல், அதை ஒட்டிய சதைச் சுவர், நடுவில் அச்சு, அறைகளில் வழுவழுப்பான கூழுக்குள் நேரடியாக அமிழ்ந்து கிடக்கும் விதைகள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். கடித்தால் பல்லில் ஓடென்று எதுவும் தட்டுப்படாது. கத்தரி, சுண்டை, கொய்யா, பப்பாளி, சப்போட்டா, மாதுளை, களாக்காய் எல்லாம் இந்த இலக்கணத்துக்குள் அடங்குகின்றன. வெள்ளரியும் பூசணியும் தடித்த தோலுடைய பெர்ரிகள். எலுமிச்சையும் நாரத்தையும் எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த தோலுடைய பெர்ரிகள். இவற்றுக்குத் தனிப்பெயர்கள் உண்டு. அப்பெயர்கள் இங்கே தேவையில்லை. மிளகாய்கூடப் பெர்ரிதான், உள்ளே காற்றே மிகுதியாக இருந்தாலும்.

இங்கே உங்களுக்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டும். நூல்களில் ‘பழம்’ என்று எழுதாமல் ‘கனி’ என்று எழுதும் மரபை யார் தொடங்கினார்களோ, அவர்கள் மாணவர்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார்கள். பேச்சில் பழம் என்றால் பழுத்தது; பழுக்காதது காய். மார்க்கெட்டில் ‘தக்காளிப் பழம் கிலோ என்ன விலை’ என்று கேட்கிறோம், கேட்குமிடமோ காய்கறிக் கடை. இந்த வழக்குகளில் எதையும் தொந்தரவு செய்யாமல், சூற்பை முதிர்ந்து வருவது எதுவானாலும் அது கனி என்று தனிச்சொல் ஒதுக்கியதால்தான், வெண்டைக்காயைப் பழம் என்று சொல்லச் சொல்லிப் பிள்ளைகளைச் சங்கடப்படுத்தும் நிலை நமக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லாததால் 1893 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, தக்காளி தாவரவியலின்படி கனியாக இருக்கலாம், ஆனால் இறக்குமதி வரிக்கு அது காய்கறிதான் என்று தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. கனி என்ற சொல்லில் காட்டிய அந்த நிதானத்தைப் பெர்ரி விஷயத்தில் ஏன் கைவிட்டோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது கல்லுக்கு வருகிறேன். வகுப்பில் நான் பெரிதும் திணறிய இடமும் இதுதான். ஆங்கிலத்தில் பெர்ரி செய்யும் குழப்பத்தைத் தமிழில் செய்கிற சொல் ‘கொட்டை’. மாங்கொட்டை, புளியங்கொட்டை, பலாக்கொட்டை, பேரீச்சங்கொட்டை, முந்திரிக்கொட்டை, காபிக்கொட்டை, ஆமணக்குக் கொட்டை என்று நாள் முழுவதும் சொல்கிறோம். இவற்றுள் புளியங்கொட்டை வெறும் விதை. மாங்கொட்டை, விதையும் அதைச் சுற்றிய கனியுறையின் ஓடும் சேர்ந்தது. பலாக்கொட்டை, பல பூக்கள் சேர்ந்து உருவான ஒரு முழுக் கூட்டுக்கனியின் உள்ளே ஒரே ஒரு பூ தந்த விதை. முந்திரியில் தொங்கும் கொட்டையே முழுக் கனி. மேலே நாம் பழம் என்று கடித்துத் தின்பது பருத்த பூக்காம்பு. வெவ்வேறு உறுப்புகளுக்கு மொழி ஒரே பெயரைத் தந்திருக்கிறது. பேச்சுக்கு அது போதும். யாருக்கும் அதனால் நட்டமில்லை. ஆனால் பெர்ரிக்கும் ட்ரூப்புக்கும் உள்ள எல்லைக்கோடு முழுவதும் அந்தக் கொட்டையின் மேல்தான் ஓடுகிறது. ‘உள்ளே கொட்டை இருந்தால் ட்ரூப், இல்லாவிட்டால் பெர்ரி’ என்று பாடநூலும் ஆசிரியரும் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனால், தமிழ் தெரிந்த மாணவர் தவறான விடைக்குத்தான் போய்ச் சேருவார்.

போய்ச் சேர்ந்தும் இருக்கிறார்கள். ஒரு மாதிரித் தேர்வின் விடைக்குறிப்பில் பேரீச்சை ட்ரூப் என்று அச்சாகியிருந்தது. பெர்ரி என்று எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் இல்லை. விடைத்தாள் திருத்தும் அறையில் நான் எடுத்துச் சொன்னபோது, "கொட்டை இருக்கே, மேடம்" என்று பதில் வந்தது. அவர்மீது பழி இல்லை. அவர் படித்த நூலிலும் அதற்குமேல் விளக்கம் இருந்திருக்காது.

அடுத்த நாள் ஒரு பேரீச்சம்பழத்தையும் ஒரு மாங்கொட்டையையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். பேரீச்சம்பழத்தை நீளவாக்கில் பிளந்து கொட்டையை எடுத்தால், அதன்மேல் வெங்காயச் சருகைப்போல ஒரு மெல்லிய, வெளிறிய சவ்வு ஒட்டிக்கொண்டு வரும். நகத்தால் கீறினால் உரிந்துவிடும். கனியுறையின் உள்ளுறை என்பது அந்தச் சவ்வுதான். அதற்குள் இருக்கும் கெட்டிப் பொருள் முழுவதும் விதை. அதன் ஒரு பக்கம் நெடுக ஒரு பள்ளம் ஓடும். மறுபக்கம் நடுவில் பொட்டு வைத்ததுபோல் ஒரு சிறு வட்டம் தெரியும். ஈரத்துணியில் வைத்தால் சில வாரங்களில் அந்தப் பொட்டைத் துளைத்துக்கொண்டுதான் முளை வரும், ஏனெனில் கரு இருக்குமிடம் அது. உடைப்பதற்கு ஓடும் கிடையாது, உள்ளே எடுப்பதற்குத் தனிப் பருப்பும் கிடையாது; கெட்டியாக இருப்பது முளைக்கு உணவாக விதை சேர்த்து வைத்திருக்கும் முளைசூழ்தசைதான். மாங்கொட்டையின் கதை வேறு. நார் படர்ந்த அந்த ஓட்டின் விளிம்பில் கத்தி முனையைச் செருகித் திருப்பினால் இரண்டாகப் பிளக்கும். உள்ளே தாளைப்போன்ற பழுப்புத் தோல் போர்த்திய பருப்பு தனியாகக் கிடக்கும். பருப்பே விதை, ஓடு கனியின் பகுதி. மாங்காய்க்குப் பிறந்தது ஓடு, பேரீச்சைக்குப் பிறந்தது சவ்வு. இரண்டுக்கும் நாம் இட்ட பெயர் கொட்டை.

அன்று அந்த மாணவனிடம் நான் கேட்ட கேள்வி, "கொட்டையை உடைத்தால் உள்ளே இன்னொன்று இருக்கிறதா?" என்பது. உடைத்தால் உள்ளே தனியாகப் பருப்பு கழன்று வந்து, கையில் வெறும் ஓடு மிஞ்சினால், அது பெரும்பாலும் உள்ளோட்டுக் கனி, அதாவது ட்ரூப். கழன்று வர எதுவும் இல்லாமல் கொட்டையே முழு விதையாக இருந்தால் பெர்ரியாக இருக்க வாய்ப்பு மிகுதி. இது முழுமையான இலக்கணம் அன்று என்பது எனக்குத் தெரியும். சில விதைகளின் உறையே ஓடுபோல இறுகியிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் வளரும் காட்டு வாழைகளின் பழம் முழுவதும் கல்லாய் இறுகிய கரிய விதைகள். நாம் தின்னும் வாழையில் நடுவே கரும்புள்ளிகளாக ஓடுபவை அவற்றின் வளராத எச்சங்கள். காட்டு வாழையும் பெர்ரிதான். கடினம் இருக்கிறதா என்பது கேள்வியே அன்று, கடினமானது எதன் உறுப்பு என்பதே கேள்வி. இதை விளங்கவைக்கத் தமிழில் தோல், சதை, ஓடு, பருப்பு என்ற நான்கு சொற்கள் போதும். தேங்காய் உரிக்கும் வீட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் மட்டையும் நாரும் வேறு, சிரட்டை வேறு, பருப்பு வேறு என்று தெரியும். நடுவுறை, உள்ளுறை, விதை என்பவை அவற்றின் பாடநூல் பெயர்கள். கைக்குள் இருக்கும் அறிவுக்குப் பெயர் சூட்டும் வாய்ப்பை நழுவவிட்டு, கண்ணில் படாத ப்ளூபெரியை எடுத்துக்காட்டாகத் தருவது எனக்கு மனத்தாங்கலாகவே இருக்கிறது.

எடுத்துக்காட்டுகளைப் பற்றிப் பேசும்போது, நெல்லியையும் நாவலையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நெல்லியை ஆங்கிலத்தில் ‘இந்தியன் கூஸ்பெரி’ என்கிறார்கள். அரைநெல்லியும் அங்கே ஒரு கூஸ்பெரிதான். ஐரோப்பாவின் கூஸ்பெரி உண்மையிலேயே பெர்ரி. நம் நெல்லியோ ட்ரூப்: சதைக்குள் ஆறு விளிம்புகளுடைய கெட்டி ஓடு, அதற்குள் மூன்று அறைகள், அறைக்கு இரண்டாக விதைகள். வெயிலில் காய்ந்தால் அந்த ஓடு படீரென்று வெடித்து விதைகளைத் தெறிக்கவிடுவதை நெல்லி வற்றல் போடுகிற வீடுகளில் கேட்டிருப்பீர்கள். நாவலை ஆங்கிலத்தில் ‘ஜாவா பிளம்’ என்கிறார்கள். பிளம் ஒரு ட்ரூப். ஆனால் நாவல் பெர்ரி. ஊதாக் கறை படிந்த அந்தக் கொட்டை ஓடில்லாத விதை, சிலசமயம் ஒன்றுக்கு மேற்பட்டவை நெருங்கி ஒட்டியிருக்கும். பெர்ரி என்று பெயர் பெற்றது பெர்ரி அன்று, பிளம் என்று பெயர் பெற்றதே பெர்ரி. ஆங்கிலப் பெயரைப் பிடித்துக்கொண்டு வகை தேடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த அயல்நாட்டுப் பழத்திலும் கிடைக்காது. இரண்டும் பள்ளி வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கப்படுபவை. நம் அகராதிகள் பலவும் கூஸ்பெரி என்ற சொல்லுக்கு நேராக நெல்லிக்காய் என்றே எழுதி நிறுத்திக்கொள்வதால், இந்த விளக்கத்தைப் பாடநூல்தான் தர வேண்டியிருக்கிறது.

காபியிலும் இதே கூத்து உண்டு. சேர்வராயன் மலையிலும் பழனி மலையிலும் காபி விளைவிக்கிறவர்கள் பழத்தை அப்படியே உலர்த்தினால் ‘செர்ரி’ என்றும், மேற்சதையை நீக்கிக் கழுவி உலர்த்தினால் ‘பார்ச்மென்ட்’ என்றும் சொல்வார்கள். பூச்சியியல் நூல்களிலோ அந்தப் பழத்தைத் துளைக்கும் வண்டுக்கு ஆங்கிலப் பெயர் ‘காபி பெர்ரி போரர்’. காபிக்கொட்டையைச் சுற்றியிருக்கும் பார்ச்மென்ட் என்ற அந்தக் காகிதம் போன்ற ஓடு கனியுறையின் உள்ளுறை; ஆகவே காபிப் பழம் ட்ரூப் வகை. செர்ரியும் ட்ரூப். வணிகர்கள் தற்செயலாகச் சரியாகச் சொல்லிவிட்டார்கள், வண்டுக்குப் பெயரிட்ட அறிவியலார் நாட்டு வழக்கில் நின்றுவிட்டார்கள்.

பேச்சுமொழி எப்போதும் தாவரவியலுக்குப் பிந்தியே நிற்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றும் சொல்கிறேன். தென் அமெரிக்காவிலிருந்து தக்காளி வருவதற்கு முன்பே தமிழில் தக்காளி என்ற சொல் இருந்தது. பையைப்போன்ற புல்லிவட்டத்துக்குள் உருண்டைக் கனியை ஒளித்து வைத்திருக்கும் சொடக்குத் தக்காளியும், கறுத்த மணிகளாகக் காய்க்கும் மணத்தக்காளியும் நம் வேலியோரத்துச் செடிகள். புதிதாக வந்த பழத்தைக் கண்டதும் இது அவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது என்று நம்மவர்கள் சீமைத்தக்காளி என்று பெயரிட்டார்கள். பிறகு முன்னொட்டு உதிர்ந்து தக்காளி ஆயிற்று. மூன்றும் கத்தரிக் குடும்பம், மூன்றும் பெர்ரி. நுண்ணோக்கி இல்லாமல் செய்த வகைப்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. மிளகாய்க்குப் பெயரிட்டபோது அவர்களுக்குக் காரம்தான் கண்ணில் பட்டது, கனி அல்ல. மிளகு ட்ரூப், மிளகாய் பெர்ரி, இரண்டும் வேறு வேறு குடும்பம்.

‘சுளை’ என்ற சொல்லும் கொட்டையைப்போலவே கவனிக்கத்தக்கது. ஆரஞ்சுச் சுளை, சூற்பையின் ஓர் அறை. உட்சுவரிலிருந்து வளர்ந்த சாற்று முடிகள் அதை நிரப்பியிருக்கின்றன. பலாச்சுளை, ஒரு தனிப் பூவின் பூவிதழ் வட்டம் சதைப்பற்றாகி வந்தது. சீத்தாப்பழத்தின் ஒவ்வொரு சுளையும் தனித்தனிச் சூலக இலை தந்த ஒரு முழுப் பெர்ரி. பழம் என்று நாம் கையில் பிடிப்பது, ஒரே பூவில் பிறந்த அவை ஒட்டிக்கொண்ட திரள்கனி. திரள்கனிக்கும் கூட்டுக்கனிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட இனிமையாக விளக்க முடியாது. ஸ்ட்ராபெரிக்கும் இங்கே இடமுண்டு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது விளைகிறது, மலைப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பழம். பருத்த பூத்தளத்தின்மேல் ஒட்டியிருக்கும் மஞ்சள் மணிகளே அதன் கனிகள் என்று, சீத்தாவுக்கு அடுத்ததாக அதைச் சொல்லிப் போகலாம். முசுக்கட்டையைப் பலாவுக்கு அருகில் வைக்கலாம். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் கூட்டுக்கனி. மல்பெரி என்ற பெயரால் மட்டும் அதைத் திராட்சையோடு சேர்த்துப் பேசத் தேவையில்லை.

கலைச்சொல் தொகுப்பவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நான் கையாண்ட நூல்களில் சிலவற்றில் பெர்ரி, ட்ரூப் என்றே ஒலிபெயர்ப்பு இருந்தது. சிலவற்றில் பெர்ரிக்குச் சதைக்கனி என்றும் ட்ரூப்புக்கு உள்ளோட்டுச் சதைக்கனி என்றும் இருந்தது. இரண்டாவது முயற்சி பாராட்டத்தக்கது, குறிப்பாக உள்ளோடு என்ற சொல், வரையறையையே தன்னுள் வைத்திருப்பதால். இடர்ப்பாடு சதைக்கனியில்தான். அதே நூல்களில் உலர்கனிக்கு எதிர்ச்சொல்லாகவும் சதைக்கனிதான் வருகிறது. மாம்பழம் சதைக்கனியா என்று கேட்டால் ஒரு பக்கத்தின்படி ஆம், அடுத்த பக்கத்தின்படி இல்லை. பெருவகைக்கும் அதன் ஓர் உட்பிரிவுக்கும் ஒரே பெயர் வைத்தால் மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்? சதைக்கனி என்பதைப் பெருவகைக்கே விட்டுவிட்டு, பெர்ரிக்கு ‘முழுச்சதைக்கனி’ என்றோ ‘ஓடிலிக் கனி’ என்றோ வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. எனக்கு முன்னதே பிடித்திருக்கிறது, இல்லாததைச் சொல்லாமல் இருப்பதைச் சொல்வதால். இதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். தமிழகத்தில் திராட்சை என்பதை யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்பார்கள், இங்கே முந்திரி என்பதை அங்கே மரமுந்திரிகை என்பார்கள்; இரு கரையிலும் படிக்கக்கூடிய நூலில் எடுத்துக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு படம் இருந்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

இவ்வளவு வற்புறுத்திய பிறகு, தாவரவியல் வரையறையும் கல்வெட்டு அன்று என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். வாழையும் வெள்ளரியும் கீழ்மட்டச் சூற்பையிலிருந்து, அதாவது இதழ்களுக்குக் கீழே அமைந்த சூற்பையிலிருந்து, வருபவை. பூத்தளப் பகுதியும் கனிச்சுவரில் சேர்ந்திருப்பதால் அவற்றைப் பொய்ப்பெர்ரி என்று பிரித்து வைக்கும் அறிஞர்கள் உண்டு. தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டங்களில் வளரும் வெண்ணெய்ப் பழத்தை, ஒரே விதையுள்ள பெர்ரி என்று பலர் சொல்ல, ட்ரூப் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். வகைகள் நம் வசதிக்காக வரைந்தவை. செடிகள் அந்தக் கோட்டைப் பார்த்து வளர்வதில்லை. எல்லையில் நிற்கும் இத்தகைய கனிகளைப் பாடத்தில் காட்டுங்கள், விவாதிக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் வைக்காதீர்கள்.

அடுத்த பதிப்பில் செய்யக்கூடியவை என்று நான் கருதுவன இவை. பெர்ரியின் வரையறைக்கு நேராகத் தக்காளிக்கு அடுத்து நாவலும் பேரீச்சையும் வரட்டும். ட்ரூப்புக்கு நேராக மாம்பழத்துக்கு அடுத்து நெல்லி வரட்டும். பேரீச்சங்கொட்டையும் மாங்கொட்டையும் நீளவெட்டில் அருகருகே வரையப்பட்ட ஒரு படம் இருந்து, அதில் ஓடு, சவ்வு, விதை மூன்றும் அம்புக்குறியிட்டுக் காட்டப்பட்டால், அந்த ஒரு படம் இரண்டு பக்க விளக்கத்துக்குச் சமம். செய்முறைப் பாடத்தில் இந்த இரண்டையும் மாணவர்களே வெட்டிப் பார்க்க ஒரு வகுப்பு நேரம் ஒதுக்குங்கள். ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு கத்தியும் செய்தித்தாளும் போதும். ஸ்ட்ராபெரிப் புதிரை விடமுடியாது என்றால், ஆங்கிலச் சொல்வழக்கைப் பற்றிய பெட்டிச் செய்தியாக ஓரத்தில் வையுங்கள். விடைக்குறிப்பு தயாரிக்கிறவர்களுக்கு அனுப்பும் குறிப்பில் பேரீச்சையின் பெயரை மட்டும் மறவாமல் சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு மதிப்பெண்ணை இழந்த மாணவனுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

மதிப்புடன்,
ஓய்வு பெற்ற தாவரவியல் முதுகலை ஆசிரியை ஒருவர்